கைமூச்சு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மூச்சு இருந்ததாம், அதை ரெண்டு பேர் வைத்துக்கொண்டிருந்தார்களாம். தாத்தாவாக இருந்தால் இப்படி ஆரம்பித்துவிட்டு நிறுத்தியிருப்பார். நான் ம் கொட்ட வேண்டும். ம் கொட்டினால்தான் அடுத்த வரி வரும். சின்ன வயசில் அரைத்தூக்கத்தில் ம், ம் என்று கொட்டிக்கொண்டே போய் எந்த இடத்தில் தூங்கினேன் என்று தெரியாமல் தூங்கியிருக்கிறேன். என் ம் நின்றதும் தாத்தா கதையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார், ராஜகுமாரன் பாதி மலை ஏறினபடி விடிய விடிய நிற்பான். அமுக்கு. விடு. இப்போது ம் கொட்டுவது என் கை. உள்ளங்கைக்குள் ஒரு ரப்பர் பை, உரித்த தேங்காய் அளவு இருக்கும், அமுக்கினால் ஒடுங்குகிறது, விட்டால் தானாக உப்பிக்கொள்கிறது. அதன் மூக்கு அப்பாவின் வாய்க்குள் போகும் குழாயில் மாட்டியிருக்கிறது. அமுக்கினால் அப்பாவின் நெஞ்சு ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. ஆம்புலன்ஸ் பெரியாஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது, கூட வருகிற உதவியாளர் ஜெயசீலன் சன்னலில் தலையை நீட்டி வாட்ச்மேனிடம், “வரட்டா அண்ணாச்சி,” என்றார். அதற்கு முன்னால் வார்டில், “வர்றேன் சிஸ்டர்.” லிஃப்டில், “வர்றேண்ணே, சாயங்காலம் பாப்போம்.” தூணைக் கண்டாலும் சொல்லிக்கொண்டுதான் போவார் போலிருக்கிறது இந்த மனுசன். பையை என் கையில் கொடுக்கும்போதும் அதே குரல்தான். “பெருசா ஒண்ணுமில்ல தம்பி. நீங்க எப்படி மூச்சு விடுறீங்களோ அதே மாதிரி அமுக்குங்க. உங்களுக்கு எப்ப வேணுமோ அப்ப அவருக்கும் வேணும், அவ்வளவுதான்.”

அங்கேதான் சிக்கிக்கொண்டேன். என் மூச்சு எனக்குத் தெரியாது. இத்தனை வருசமாக அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். அதைப் பார் என்று சொன்னதும், விருந்தாளி முன்னால் பாடச் சொன்ன பிள்ளை மாதிரி நின்றுவிட்டது. நின்றுவிட்டு ஒரேயடியாகத் திமுதிமுவென்று வந்தது. கை அதன் பின்னாலேயே ஓடியது. அப்பாவின் நெஞ்சு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவர் நெஞ்சு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. “மெதுவா, மெதுவா,” என்று ஜெயசீலன் என் மணிக்கட்டைப் பிடித்தார். “உங்க பயத்த அவருக்குள்ள அடிக்காதீங்க. அவரு நிம்மதியா படுத்திருக்காரு.” டிரைவர் முன்னாலிருந்து, “என்னவாம்?” என்றார். “நீ ரோட்டப் பாருப்பா,” என்றார் ஜெயசீலன், பிறகு அம்மாவிடம், “இவன் ஒருத்தன்க்கா, மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழி விடுற ஆம்புலன்ஸ் டிரைவர் நாட்டுலயே இவன் ஒருத்தன்தான்.” “உள்ள ஆளு படுத்திருக்கு, பள்ளத்துல விடச் சொல்றியா,” என்றார் டிரைவர். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் ரெண்டு பாதங்களையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஊரை விட்டு வெளியே வந்து வேகம் பிடித்ததும் ஒரு ஆட்டம் வந்தது, தொட்டில் ஆட்டம் மாதிரி, அந்த ஆட்டத்தில் என் மூச்சு எப்படியோ போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தால் கை மூடுகிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் திறக்கிறது. மூடும்போது என் மூச்சு வெளியே போகிறது, திறக்கும்போது உள்ளே வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று தோன்றியது, இந்த நேரத்தில் இப்படித் தோன்றுகிறதே என்று பயமாகவும் இருந்தது, இருந்தும் கை மூடும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். தோள் ஒரு பக்கம் இழுத்தது, முழங்கை ஒரு பக்கம், பை பாதியில் நின்றது. அப்பாவின் நெஞ்சு விக்கல் எடுத்த மாதிரி ஒரு குலுங்கு குலுங்கியது. “என்னய்யா?” என்றாள் அம்மா. “ஒண்ணுமில்லம்மா, பள்ளம்.” பள்ளம் இல்லை. ரோடு தண்ணீர் மாதிரி இருந்தது.

தலைக்குள் ரத்தம் கசிந்து நிறைந்துவிட்டது, மெஷினை எடுத்தால் தானாக மூச்சு வராது என்று காலையில் டாக்டர் சொன்னார், சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். இங்கே இருந்தாலும் இன்றைக்கோ நாளைக்கோ. அம்மா அழவில்லை. “அப்ப மூச்சோட வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்,” என்றாள். டாக்டருக்கு அது புரிந்திருக்காது, எனக்குப் புரிந்தது. எங்கள் ஆவரங்குளத்தில் ஒரு கட்டு உண்டு. வெளியில் உயிர் விட்டவரை எல்லைக் கல்லைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. கல்லுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் கிடத்தி, அங்கிருந்தே கண்மாய்க் கரை வழியாகச் சுடுகாடு. தாத்தாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. அம்மாவின் அப்பா அவர், எங்களோடு வந்து இருந்தவர், வரும்போது கதைகளைத் தவிர வேறொன்றும் கொண்டு வராதவர். சந்தைக்குப் போனவர் திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னலோரமாக உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஊருக்குள் கொண்டு வரலாம் என்று நாலு பேர் சொன்னார்கள், பெரியப்பாதான் கல்லுக்கு முன்னால் நின்றார், அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், ஊருக்குப் பெரியவர். “கட்டுன்னா எல்லாருக்கும் கட்டுதான்,” என்றார். மழை பிடித்துக்கொண்டது. உரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். எத்தனை கதையில் எத்தனை பேரை ஏழு கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து வீடு சேர்த்திருக்கிறார், அவர் காலிலிருந்து வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம். அம்மா முந்தானையில் வாய்க்கரிசியை முடிந்துகொண்டு ஓடி வந்தபோது பாடை கரை ஏறிவிட்டது. நனைந்த அரிசியோடு அவள் அங்கேயே நின்றதை நான் பார்த்தேன். அப்பா பாடைக்கு முன்கொம்பில் தோள் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தார், திரும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அம்மா எத்தனையோ நாள் சொல்லிக் காட்டியிருக்கிறாள். “அண்ணன் முன்னாடி இந்த மனுசனுக்கு நாக்கு எந்திரிக்காது.” அமுக்கு. விடு. நாக்கு இல்லையம்மா. தோளில் பாரம் இருந்தால் அவர் பேச மாட்டார். அது எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது, இல்லை, உனக்கும் தெரியும்.

வத்தல் மண்டியில் அவர் மூட்டை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டால் நேரே மண்டிக்குப் போய்விடுவேன், அங்கிருந்து அப்பாவோடு சைக்கிளில் வீடு. உள்ளே போனாலே கண் எரியும், தும்மல் வரும், மூட்டை தூக்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்றும் செய்யாது. மிளகாய் நெடியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் இருமல் பிடித்துக்கொள்ளும், பாரத்தோடு இருமினால் ஆள் விழுந்துவிடுவான், அதனால் வாயை மூடி மூக்கால், சின்னச் சின்னதாக, ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. குனிந்து நிற்பார். ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கி முதுகில் சாய்ப்பார்கள். அது முதுகில் வந்து விழும்போது அவருக்குள்ளிருந்து ஒரு ம் வரும், தாத்தாவுக்கு நான் கொட்டுகிற ம் மாதிரியே. அப்புறம் லாரிக்குப் போட்டிருக்கும் பலகையில் ஏறுவார். பலகை வளையும், நிமிரும், அது நிமிரும்போது அடுத்த எட்டு. பலகையும் காலும் மூச்சும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். மேலே போய் மூட்டையைச் சரித்துவிட்டு ஹா என்று ஒன்று விடுவார், அப்போதுதான் அவர் மறுபடி அப்பா. நடுவில் நான் எது கேட்டாலும் பதில் வராது. அப்பா, டூர் போகட்டா, வாத்தியார் கையெழுத்து கேட்டாரு, அப்பா. கண் மட்டும் என் பக்கம் வந்து போகும், பாரத்தில் நரம்பு புடைத்த கண், எனக்கு அது கோபமாகத் தெரியும். அங்கே வேலை பார்த்த சந்தனம், “ஏலே, உங்கப்பன் மூட்டைய எறக்குற வரைக்கும் சாமி வந்து கேட்டாலும் பதில் சொல்ல மாட்டான். சாமியவும் ஓரமா நிக்கச் சொல்லுவான்,” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனாலும் எனக்குள் அந்தக் கண் தங்கிவிட்டது. கேட்டால் கோபப்படுவார் என்று கேட்காமலே பழகினேன், பேச்சைக் குறைத்தேன், பிறகு குறைவாகப் பேசுகிற பையன் என்று எனக்குப் பேரே வந்துவிட்டது. அந்த சந்தனம் செத்தபோது அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள், நான் வாசலில் நின்று எல்லாரையும் பார்த்து, “போயிட்டு வர்றோம்,” என்றேன். அழுதுகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மேட்டில் சைக்கிளை மிதிக்கும்போது, “அங்கெல்லாம் சொல்லிட்டு வரக் கூடாது,” என்றார். ஏம்ப்பா என்றேன். மேடு. பதில் இல்லை. முன்கம்பியில் உட்கார்ந்திருந்த என் உச்சந்தலையில் அவர் மூச்சு ஒரு மிதிக்கு ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது, சூடாக, மிளகாய் வாசனையோடு. பள்ளம் வந்து கால் ஓய்ந்ததும் பதில் வந்ததா, வந்திருக்கும், எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் ஏன் மேட்டிலேயே நிற்கிறது.

கை வலிக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சதை துடிக்கிறது. “மாத்திக்கலாமா தம்பி?” என்றார் ஜெயசீலன். வேண்டாம் என்று தலையாட்டினேன், பேசினால் கை பிசகும். பேசினால் கை பிசகும் என்று நினைத்த உடனே அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், குழாயைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்கு மேலே மூடியிருந்த கண்ணைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவர் ரேஷன் அரிசி மூட்டையோடு வாசலில் நுழைந்தபோது நான் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். “அப்பா, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில வேலை இருக்குன்னான் பிரெண்டு. நான் போறேன்.” தோளில் மூட்டை. கண் மட்டும் என் பக்கம் வந்தது. போனது. எனக்கு அது போதும். எத்தனையோ வருசமாகத் தெரிந்த கண். சரி, கோபம் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன், பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன், வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றேன், சும்மா வெயிலில் நின்றேன். அவர் மூட்டையை இறக்கி வைத்து ஹா என்று விடுகிற வரைக்கும் கூட நான் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் என்னைத் தேடி வந்தபோது அப்பா அடுப்படி வாசலில் விழுந்து கிடந்தார். “அம்மா,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், கை பிசகவில்லை. “அன்னைக்கு மூட்டைய எறக்கி வச்சுட்டு எதுவும் சொன்னாராம்மா?” அம்மா பாதங்களைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். “அவன் எங்கன்னு கேட்டாரு.” “அப்புறம்?” “பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டான்னேன்.” “அப்புறம்?” “தண்ணி குடுன்னாரு. எடுக்கப் போனேன்.” தாத்தா கதையை விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிற இடம் இதுதான். ம். ம். இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், தூங்கவில்லை, சொல்லுங்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் ஆட்டம் நின்றது, ஆட்டம் நின்றதும் என் மூச்சு எங்கே ஏறுவது எங்கே இறங்குவது என்று தெரியாமல் தடுமாறியது, படி இருட்டில் தவறுகிற மாதிரி. பையை அமுக்கிக்கொண்டு வேறு ஏதாவது ஆடுகிறதா என்று தேடினேன். மேலே தொங்கின குளுக்கோஸ் பாட்டில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒரு பெண் சன்னல் பக்கம் வந்து, “பிஞ்சு வெள்ளரி, பிஞ்சு,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தாள், பார்த்துவிட்டுக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். “எந்த ஊரு?” “ஆவரங்குளம்க்கா,” என்றார் ஜெயசீலன். “மூச்சு இருக்குல்ல?” “இருக்கு, இருக்கு.” இந்தப் பக்கத்து ஆள். அவளுக்குக் கல் தெரியும். அப்பாவின் விரலில் சின்னதாக ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள், நாடியைக் காட்டுகிற கிளிப், சிவப்பாக ஒரு எண் அதில் நின்று நின்று மாறிக்கொண்டிருந்தது, கிளம்பியதிலிருந்து நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். இப்போது ஆடுகிறது எது என்று தேடினபோது கண் அங்கே போய்விட்டது. எண் குறைந்தது. குறைந்து நின்றது. பிறகு எண் இருந்த இடத்தில் ரெண்டு கோடு வந்தது. ரயில் அப்போதுதான் வந்தது, சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக முடியாமல் போனது, அந்தத் தடதடப்பில் என் கை தானாகப் போய் ஏறிக்கொண்டது, அமுக்கு, விடு, அப்பாவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஜெயசீலன் கிளிப்பைப் பார்த்தார். கழுத்தில் ரெண்டு விரலை வைத்தார், வைத்தபடியே வெகுநேரம் வெளியே ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கிளிப்பைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “பேட்டரி போயிருச்சு,” என்றார் அம்மாவிடம். என்னிடம், “நீங்க நிறுத்தாதீங்க தம்பி,” என்றார். அவர் கண் என் கண்ணில் ஒரு கணம் நின்றது. அப்பா போய்விட்டார். கேட் திறந்தது. “வர்றோம்க்கா,” என்றார் ஜெயசீலன் வெள்ளரிக்காய்க்காரியிடம்.

நான் நிறுத்தவில்லை. இப்போது இந்த நெஞ்சை ஏற்றி இறக்குவது நான் மட்டும்தான். இதற்கு முன்னால் மட்டும் வேறு யார் ஏற்றி இறக்கினார்கள், அப்போதும் காற்று என் கையிலிருந்துதான் போனது, ஆனால் அப்போது அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு ஆள் இருந்தார். இப்போது காலி வீட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே ஏற்றம், அதே இறக்கம், குழாய்க்குள் அதே சின்ன சத்தம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் புளியமரம். சொல்லாவிட்டால் கல்லைத் தாண்டி வீடு. அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் பாதங்களைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். போர்வையை இழுத்துப் பாதங்களைச் சுற்றி, குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, அதன் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டாள். என் கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. “கை வலிக்குதாய்யா?” “இல்லம்மா.” “இன்னும் கொஞ்ச தூரந்தான்.” அவளுக்குத் தெரியுமா. அந்தப் பாதம் அவள் மடியில்தானே கிடந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவளும் சொல்ல வேண்டி வரும். ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை வைத்துவிட்டுச் சும்மா திரிந்த அரக்கன் கதையில், கிளியைப் பிடித்தவன் அதை நெரிக்காமல் கடைசி வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே நடந்து வருவான். அவன் கை எப்படி வலித்திருக்கும் என்று தாத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் ஓட்ட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. மூச்சு நின்றால் கை நிற்கிறது. கையை நிறுத்த நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. கை நின்றால் எனக்கும் நின்றுவிடும் என்று ஒரு பயம், அர்த்தமில்லாத பயம் என்று தெரிகிறது, தெரிந்தும் விலகவில்லை, ஈரத்துணி மாதிரி முகத்தில் கிடக்கிறது. அமுக்கு. விடு. எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மூட்டை முதுகில் வந்து விழுந்துவிட்டது, இறக்குகிற இடம் வரைக்கும் பேசக் கூடாது.

கல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். புளியமரத்தடியில் பெஞ்சு கொண்டுவந்து போட்டிருந்தார்கள், அதைப் பார்த்ததும் அம்மாவின் கை போர்வையின் மேல் இறுகியது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார்கள், வெயில் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது, அந்த வெளிச்சத்தில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். பெரியப்பா முன்னால் வந்தார். துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. “எப்படியிருக்கு?” நான் சொல்ல முடியாது, என் தோளில் பாரம். ஜெயசீலன் வாயைத் திறந்தார், அதற்குள் பெரியப்பா ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே குனிந்து, போர்வைக்குள் கையை விட்டுத் தம்பியின் பாதத்தைப் பிடித்தார். அம்மா தன் கையை எடுக்கவில்லை. அவள் கைக்குக் கீழே அவர் கை. பிடித்தபடியே நின்றார். அவர் எத்தனை சாவைத் தொட்டவர், எத்தனை பேரைக் குளிப்பாட்டினவர், அந்தக் கைக்குத் தெரியாதா. அவர் மூச்சு எனக்குக் கேட்டது, வயசானவர்களின் மூச்சு, நடுவில் ஒரு விசில் வருகிற மூச்சு. அமுக்கினேன். நெஞ்சு ஏறியது. அவர் பாதத்தை விட்டுவிட்டு, போர்வையை அம்மா சுற்றியிருந்த மாதிரியே திரும்பச் சுற்றினார். நிமிர்ந்தார். “மூச்சு இருக்கு,” என்றார், வண்டிக்கு வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “உள்ள கொண்டு போங்கப்பா.” நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வண்டி நகர்ந்தது, கல் சன்னலில் வந்து போனது, சுண்ணாம்பு அடித்த சின்னக் கல், இதற்கா இத்தனை கட்டு என்று இருந்தது. பெரியப்பா வண்டியின் கூடவே கதவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அம்மா அவரைப் பார்க்காமல், எதிரே முதலுதவிப் பெட்டியில் ஒட்டியிருந்த சிலுவைக் குறியிடம் சொல்கிற மாதிரி சொன்னாள், “எங்கப்பனுக்கும் அன்னைக்கு யாராச்சும் கால் தொட்டுப் பாத்திருக்கலாம்.” பெரியப்பா கொஞ்ச தூரம் நடந்தார். “மழை பேஞ்சுச்சு, ஆத்தா,” என்றார்.

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். நாலு பேர் தூக்கினார்கள், நான் பையோடு பக்கத்திலேயே பக்கவாட்டில் நடந்தேன், என் கால் அவர்கள் காலோடு போனது, கை மூச்சோடு போனது, வாசல் நிலையில் தலை குனிந்து ஒரே உடம்பாக நுழைந்தோம். அந்த ரேஷன் மூட்டை அடுப்படிச் சுவரோரம் அப்படியே இருந்தது, கட்டுப் பிரிக்காமல். கூடத்தில் பாயில் கிடத்தினார்கள். ஊரே வந்து சுவரோடு சுவராக நின்றது. ஒருத்தரும் அழவில்லை. மூச்சு இருக்கும்போது அழக் கூடாது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூடத்து அழுகை மொத்தமும் இந்த ரப்பர் பைக்குப் பின்னால் அடைபட்டு நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒருத்தி கிண்ணத்தில் பால் கொண்டுவந்தாள். வாயில் குழாய் இருந்ததால் அம்மா பஞ்சில் தோய்த்து உதட்டில் வைத்தாள். அவர் தலைமாட்டில் குனிந்து, காதுக்குள், “வீட்டுக்கு வந்துட்டோம்,” என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “எறக்கி வச்சுருய்யா,” என்றாள். அமுக்கு. விடு. கை கேட்கவில்லை. “கதிரேசு,” என்றார் பெரியப்பா, “போதும்யா.” அமுக்கு. விடு. நெஞ்சு ஏறியது, இறங்கியது. நான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன், குனிந்து பார்த்தால் கை ஓடிக்கொண்டிருந்தது. அம்மாதான் தன் கையை என் கையின் மேல் வைத்தாள், அமுக்கவில்லை, இழுக்கவில்லை, சும்மா வைத்தாள். பை உப்பிக்கொண்டது. ஒடுங்கவில்லை. எனக்குள்ளிருந்து ஹா என்று ஒன்று வந்தது, அது எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது, என் குரல் இல்லை அது. அதற்குப் பிறகு அம்மா குரலெடுத்தாள், அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்க.

குழாயை எடுக்க வேண்டும், எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க என்று ஜெயசீலன் சொன்னார். பெரியப்பா செய்தி சொல்ல ஆள் அனுப்பப் போனார். பெண்கள் அம்மாவைத் தாங்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள், அழுகையும் அவர்களோடு வெளியே போனது. ஜெயசீலனும் நானும் அப்பாவும் மட்டும். என் கை திறந்தபடி மடியில் கிடந்தது. மூச்சு எப்போது உள்ளே வருவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிற மாதிரி நின்றது, பிறகு வந்தது, கையைக் கேட்காமல், தனியாக, முதல் தடவை நடக்கிற குழந்தை மாதிரி வந்தது. வந்ததற்காக அதன் மேல் கோபம் வந்தது. ஜெயசீலன் பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து மெதுவாக, உயிருள்ளவருக்கு வலித்துவிடாமல் உரிக்கிற மாதிரி உரித்தார். குழாயை உருவினார். பஞ்சை நனைத்து அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தார், தாடையைக் கீழிருந்து ஏந்தி வாயை மூடினார், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அப்பாவின் தோளில் ஒன்றும் இல்லை. இப்போது கேட்கலாம். அவன் எங்க என்று கேட்டீர்களே, எதுக்குக் கேட்டீர்கள். ஒரே ஒரு ஊரிலே. ம். ஜெயசீலன் பையைத் துடைத்து, சுருட்டி, கூடக் கொண்டுவந்த பெட்டியில் வைத்து மூடினார். எழுந்தார். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நிலைக்குப் பக்கத்தில் போய், என் பக்கம் திரும்பினார். உதடு லேசாகப் பிரிந்தது. நான் காத்திருந்தேன். அந்த மனுசன் எல்லாரிடமும் சொல்கிற அந்த ஒரு சொல்லுக்காக, அது வந்துவிட்டால் இது சாதாரண வீடாகத்தான் இருக்கும் என்பது மாதிரி, அந்தப் பிரிந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதட்டை மூடிக்கொண்டார். வாசலில் இறங்கி, குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்து போனார்.